வீடியோ கேம் செய்யப் படிப்பது விளையாட்டல்ல!

இன்டர்மீடியட் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் இரண்டு மாதங்களில்தான் பெற்றோருக்குப் பரீட்சை தொடங்குகிறது. என்ஜினீயரிங்கா, பி.காமா, பாலிடெக்னிக்கா என்று அப்பா கணக்குப் போட்டுக் கொண்டிருப்பார். பையன் மெதுவாக வந்து, "கேம் டிசைன் படிக்கிறேம்ப்பா" என்பான். "ஆடுறது போதாதுன்னு அதுக்கு ஃபீஸ் வேற கட்டணுமா?" என்று அப்பா சீறுவார். சமையல் கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பார்.

மல்லாபூர் தொழிற்பேட்டையை ஒட்டிய காலனிகளில், நாச்சாரத்தில், மௌலாலியில், எச்.பி. காலனியில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுவது ஒன்றும் அதிசயம் இல்லை. ஐதராபாத்தின் மேற்குக் கோடியில், ஐடெக் சிட்டிப் பக்கம், வீடியோ கேம் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. அதைச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகளும் இருக்கின்றன. கிழக்குக் கோடியில் இருக்கும் அப்பாவுக்கு இதெல்லாம் புதிது. தொழிற்சாலையோ, ரயில்வேயோ, அணுசக்தித் துறையோ, ஏதோ ஒரு வேலைக்கு ஊரை விட்டு வந்தவர் அவர். கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைச் செய்வதுதான் வேலை என்று பழகியவர். பையன் சொல்லும் வேலையில் என்ன செய்கிறார்கள், யார் சம்பளம் கொடுக்கிறார்கள், கட்டிய பணம் திரும்புமா என்று அவர் கேட்பதில் தப்பே இல்லை.

கம்ப்யூட்டர் பிறந்த பக்கத்து வீடு

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் ஐடெக் சிட்டியின் சொத்து என்று நினைப்பவர்கள் மல்லாபூரின் அக்கம் பக்கத்தை அறியாதவர்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஈ.சி.ஐ.எல். 1967-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. பம்பாய் டிராம்பேயில் அணு விஞ்ஞானிகள் உருவாக்கிய டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரை 1969-ல் வெளியிட்டது அந்த நிறுவனம்தான். இந்தியாவில் செய்யப்பட்ட ஆரம்பக் கம்ப்யூட்டர்களில் முக்கியமானது அது. பின்னாளில் ஈ.சி. டி.வி. என்ற பெயரில் வீடுகளுக்கு வந்த பெட்டியும் அங்கே செய்ததுதான். பக்கத்திலேயே அணு எரிபொருள் வளாகம் 1971-ல் வந்தது. ஈ.சி.ஐ.எல்.லை உருவாக்கிய ஏ.எஸ். ராவ் பெயரில் ஒரு நகரே இங்கே இருக்கிறது.

இந்தத் தொழிற்சாலைகளுக்காக வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டரில் விளையாட்டுச் செய்யக் கற்க விரும்பினால், தாத்தா விட்ட இடத்திலிருந்து தொடருகிறார்கள் என்றே கொள்ளலாம். ஆனால் வகுப்புக்குத்தான் ஊரைக் குறுக்கே தாண்ட வேண்டும். மல்லாபூரிலிருந்து நாச்சாரம் வழியாக அப்சிகூடா போய் மெட்ரோ ரயில் பிடித்தால், தார்நாகா, செகந்திராபாத், அமீர்பேட்டை தாண்டி ஐடெக் சிட்டி வரை வண்டி மாறாமல் போய்ச் சேரலாம். நாகோலிலிருந்து அமீர்பேட்டை வரையிலான பாதை 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. ஐடெக் சிட்டிக்கும் ராயதுர்கத்துக்கும் 2019-ல் நீண்டது. அதற்கு முன்பு பஸ்ஸில் தொங்கிக் கொண்டு போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

முதல் பாடம் காகிதத்தில்

வகுப்புக்குள் என்னதான் நடக்கிறது? பெரிய திரையில் சண்டை விளையாட்டு ஓடும், பையன்கள் கூச்சலிடுவார்கள் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நல்ல வகுப்பில் முதல் சில வாரங்களில் கம்ப்யூட்டரைத் தொடாமலே பாடம் நடப்பது உண்டு. காகிதம், பென்சில், தாயக் கட்டை, காய்கள் போதும். ஒரு பலகை விளையாட்டை எடுத்துக் கொண்டு, அதன் விதிகளில் ஒன்றை மாற்றினால் என்ன ஆகிறது என்று ஆடிப் பார்க்க வேண்டும். டிசைன் என்பது படம் வரைவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தொழிலில் டிசைன் என்றால் விதி செய்வது.

நம் வீட்டுத் திண்ணையிலேயே இதற்கு அருமையான பாடம் இருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தெலுங்கு நாட்டில் இதையே புலி மேக்க என்று ஆடுகிறார்கள். மலை மாதிரி ஒரு முக்கோணம், குறுக்கே சில கோடுகள், கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் சக்தி இல்லை. கூட்டமாகச் சூழ்ந்து புலியை நகர விடாமல் கட்டிப் போட வேண்டும்.

ஏன் 15 ஆடுகள்? ஏன் 10 இல்லை, 20 இல்லை? 20 ஆடு வைத்தால் 3 புலியோடு சேர்த்து 23. பலகையில் காலி இடமே இராது. ஆட்டுக்காரர் மூளையைச் செலவழிக்காமலே புலி மூச்சு முட்டிப் போகும். 10 ஆடு என்றால் மூன்று புலிகளையும் ஒரே நேரத்தில் மடக்கப் போதாது. புலிக்காரர் கண்ணை மூடிக் கொண்டு ஜெயிப்பார். 15 என்று வைத்தால் 5 இடம் மிஞ்சுகிறது. அந்த ஐந்து காலி இடத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. யாரோ பெயர் தெரியாத பாட்டன் ஒருவன், பல தடவை ஆடிப் பார்த்து, தோற்றுப் பார்த்து, இந்த எண்ணுக்கு வந்திருக்க வேண்டும். இன்று கேம் கம்பெனியில் இதையே சமன் செய்வது என்ற தனி வேலையாக, சம்பளம் கொடுத்துச் செய்கிறார்கள். ஒரு வீரனுக்கு எத்தனை உயிர், ஒரு துப்பாக்கியில் எத்தனை குண்டு, எதிரி எத்தனை அடியில் விழ வேண்டும் என்பதெல்லாம் ஆட்டின் எண்ணிக்கை போன்ற கேள்விகளே.

பல்லாங்குழியும் அப்படித்தான். 14 குழிகளில் புளியங்கொட்டைகளை வைத்துக் கொண்டு ஒரு பையனிடம், "குழிக்கு ஒன்று கூட்டினால் ஆட்டம் நீளுமா, குறையுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்து ஆடிப் பார்க்கத் தொடங்கினான் என்றால் அவனுக்கு இந்தப் படிப்பில் ருசி உண்டு. "யார் ஜெயிச்சா என்ன?" என்று எழுந்து போனால், அவனுக்கு ஆடத்தான் பிடிக்கும், ஆக்கப் பிடிக்காது. கட்டணம் எதுவும் இல்லாத நுழைவுத் தேர்வு இது.

பயிற்சிக் கணக்காகப் பிறந்த விளையாட்டு

உலகில் முதன் முதலாகப் பெரும் பணம் சம்பாதித்த வீடியோ கேம் எதுவென்றால் பாங் என்பார்கள். இரண்டு மட்டை, ஒரு பந்து, அவ்வளவுதான். அது எப்படிப் பிறந்தது என்பது வேடிக்கை. 1972-ல் அமெரிக்காவில் அடாரி கம்பெனியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற என்ஜினீயருக்குக் கைப் பழக்கத்துக்காகக் கொடுத்த பயிற்சி வேலை அது. விற்பதற்கென்று நினைத்துச் செய்யச் சொன்னதல்ல. செய்து முடித்ததை ஒரு மதுக் கடையில் கொண்டு வைத்தார்கள். சில நாளில் இயந்திரம் நின்று விட்டது என்று கடைக்காரர் புகார் செய்தார். போய்த் திறந்து பார்த்தால் காசு போடும் டப்பா நிரம்பி வழிந்ததுதான் காரணம்!

இன்றும் உலகெங்கும் கேம் வகுப்புகளில் புதிய மாணவனுக்குக் கொடுக்கும் ஆரம்ப வேலைகளில் பாங் ஒன்று. பார்க்க எளிது, செய்யப் போனால் வேர்க்கும். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும்? வேகமாக வரும் பந்து மட்டையை ஊடுருவிப் போய் விட்டால் என்ன செய்வது? சினிமாவைப் போலவே வீடியோ கேமும் அசையாத படங்களின் வரிசைதான். பொதுவாக ஒரு வினாடிக்கு 60 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் விரல் எங்கே அழுத்தியது என்று பார்க்க வேண்டும், எல்லாப் பொருளையும் நகர்த்த வேண்டும், மோதியதா என்று சோதிக்க வேண்டும், மறுபடி வரைய வேண்டும். இத்தனையும் ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்குக்குள்.

ஒரு பொம்மை குதிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். முதல் படத்தில் 5 புள்ளி மேலே போகிறது. அடுத்த படத்தில் 4, பிறகு 3, 2, 1. மொத்தம் 15 புள்ளி உயரம். அதன் பின் கழித்தல் கணக்காகி அதே வரிசையில் கீழே இறங்குகிறது. இன்டர்மீடியட் பௌதிகத்தில் மேலே எறிந்த பந்து என்று படித்தார்களே, அதேதான். அந்தப் பாடத்தைத் தூங்கிக் கொண்டே கடந்தவர்கள் இங்கே விழித்துக் கொள்ள வேண்டியிருக்கும்.

புரோகிராம் எழுதுவது ரயில்வே சிக்னல் மாதிரி. மௌலாலி யார்டில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பாயிண்ட் சரியாக விழாமல் சிக்னல் இறங்காது. "இது நடந்திருந்தால் மட்டும் அது நடக்கட்டும்" என்ற நிபந்தனைகளின் சங்கிலி அது. சாவி எடுத்திருந்தால் மட்டும் கதவு திறக்கட்டும் என்று எழுதும் மாணவன், சாவி எடுத்த பிறகு செத்துப் போனவனுக்கு என்ன வழி என்று எழுத மறந்திருப்பான். அந்த ஓட்டையை ஆடிப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலை. பலர் இந்தத் தொழிலுக்குள் நுழைவது இந்தப் பரிசோதகர் வேலை வழியாகத்தான். நாள் முழுதும் விளையாடச் சம்பளம் என்று வெளியே பேசிக் கொள்வார்கள். ஒரே சுவரில் முந்நூறு தடவை முட்டிப் பார்த்து, எந்த இடத்தில் முட்டினால் உள்ளே விழுகிறது என்று எழுதிக் கொடுப்பதை விளையாட்டு என்று சொல்ல மனம் வரவில்லை.

பழைய விளையாட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதும் பாடத்தில் உண்டு. ஜப்பானியர் டொமோஹிரோ நிஷிகாடோ 1978-ல் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, ஆக 55 எதிரிகள். சுடச் சுட மிச்சம் இருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள். ஆடுகிறவனுக்கு நெஞ்சு படபடக்கும். அது திட்டமிட்டுச் செய்ததல்ல. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு 55 உருவங்களை வரைய நேரம் பிடித்தது. எண்ணிக்கை குறையக் குறைய வேலை குறைந்து வேகம் தானே கூடியது. இயந்திரத்தின் பலவீனத்தை நிஷிகாடோ திருத்தாமல் விட்டு வைத்தார். எதைத் திருத்துவது, எதை விட்டு வைப்பது என்ற அந்தத் தீர்ப்பைத்தான் வகுப்பில் சொல்லித் தருவது கடினம்.

1985-ல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இன்னொரு பாடம். அதன் முதல் கட்டத்தில் விளக்கம் என்று ஒரு வரி கிடையாது. ஒரு எதிரி நேரே நடந்து வருகிறான், குதிக்காவிட்டால் சாவு. அப்படிக் குதிக்கும்போது தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் இடித்தால் காசோ காளானோ வருகிறது. காளான் ஓடிப் போய்க் குழாயில் முட்டித் திரும்பி உங்களிடமே வருகிறது. நல்லதா கெட்டதா என்று தயங்குகிறவன் மேலேயும் அது வந்து ஒட்டி, உடம்பு பெரிதாகி விடும். பத்து வினாடிக்குள் மூன்று விதிகளைப் பேசாமல் சொல்லிக் கொடுத்து விட்டார் மியாமோட்டோ. நம் பள்ளிக்கூட வாத்தியார்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

எங்கே படிப்பது?

ஐதராபாத்தில் இதற்கென்றே ஏற்பட்ட நிறுவனங்களில் 2010-ல் தொடங்கிய பேக்ஸ்டேஜ் பாஸ் குறிப்பிடத் தக்கது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐகேட் கல்லூரியும் இங்கே கிளை திறந்தது. மாசாப் டாங்கில், 2008-ல் ஏற்பட்ட ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக் கழகம் இருக்கிறது. பட்டப் படிப்புக்குப் பின் மேலே போக நினைப்பவர்களுக்கு, தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு உண்டு. அதற்கு நுழைவுத் தேர்வு கடினம், இடமும் குறைவு.

இவை தவிர, அமீர்பேட்டையிலும் மற்ற இடங்களிலும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று நடக்கும் பயிற்சிகள் வேறு. அமீர்பேட்டைப் பலகைகளைப் பற்றி ஐதராபாத் வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

பட்டப் படிப்பு என்றால் மொத்தச் செலவு பல லட்சத்தைத் தொடும். அதனால் பணம் கட்டும் முன் அப்பாமார்கள் சிலவற்றைத் துருவிக் கேட்க வேண்டும். கடைசியில் கையில் கிடைக்கும் பட்டத்தில் எந்தப் பல்கலைக் கழகத்தின் முத்திரை இருக்கும்? அந்தப் பல்கலைக் கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா? பாடம் நடத்துகிறவர் எந்த விளையாட்டையாவது செய்து வெளியிட்டவரா, அல்லது போன வருஷம் அங்கேயே படித்தவரா? இவற்றை விட முக்கியம், சென்ற ஆண்டு மாணவர்கள் செய்து முடித்த விளையாட்டுகளைக் காட்டச் சொல்வது. வண்ணப் படம் போட்ட புத்தகத்தைக் காட்டினால் போதாது. போனிலோ கம்ப்யூட்டரிலோ ஓட வேண்டும், பையன் உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று இழுத்தால், வந்த மெட்ரோவிலேயே திரும்பி விடலாம்.

ஏனென்றால் வேலைக்குப் போகும் இடத்திலும் இதைத்தான் கேட்கப் போகிறார்கள். கேம் கம்பெனியில் மார்க்குப் பட்டியலைப் புரட்டுவதை விட, நீ செய்து முடித்தது எங்கே என்று பார்ப்பதே வழக்கம். அமெரிக்காவில் டிஜிபென் என்று ஒரு கல்லூரி. 1988-ல் கனடாவில் தொடங்கி, நின்டெண்டோ கம்பெனியின் துணையோடு வளர்ந்து, பிறகு ரெட்மண்ட் நகருக்குப் போனது. அங்கே மாணவர்கள் குழு ஒன்று படிப்பின் பகுதியாக நார்பாகுலர் டிராப் என்று ஒரு சிறு விளையாட்டைச் செய்து 2005-ல் வெளியிட்டது. சுவரில் ஒரு கதவை வரைந்து இன்னொரு சுவர் வழியே வெளியே வரும் யோசனை. படமெல்லாம் சுமார்தான். அதைப் பார்த்த வால்வ் கம்பெனி அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக் கொண்டது. 2007-ல் அவர்கள் செய்த போர்ட்டல் உலகப் புகழ் பெற்றது. அவர்களுக்குக் கதவு திறந்தது, சுமாராக இருந்தாலும் முடிந்திருந்த அந்தச் சிறு விளையாட்டுத்தான்.

பணம் இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா? இந்தத் தொழிலின் விசேஷம், கருவிகள் இலவசம் என்பதுதான். விளையாட்டைக் கட்டும் கருவியை என்ஜின் என்கிறார்கள். டென்மார்க்கில் பிறந்த யூனிட்டி 2005-ல் வந்தது. கற்பவர்களுக்குக் காசு கேட்பதில்லை. 2023 செப்டம்பரில் வெற்றி பெற்ற விளையாட்டுகளிடம், ஒவ்வொரு தடவை நிறுவப்படுவதற்கும் கட்டணம் வசூலிப்போம் என்று அறிவித்து உலகம் முழுதும் வசவு வாங்கி, ஒரு வருஷத்தில் வாபஸ் பெற்றது. அந்தக் கலாட்டாவில் பலர் கோடோ என்ற இன்னொரு என்ஜின் பக்கம் திரும்பினார்கள். அர்ஜென்டினாக்காரர்கள் உருவாக்கி 2014-ல் யாரும் எடுத்துக் கொள்ளலாம் என்று திறந்து விட்டது அது. பொம்மை செய்ய பிளெண்டர் என்பதும் இலவசம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் கேம் பாடமே வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது.

அப்படியானால் வகுப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வீட்டில் தனியாகத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பாதியில் விட்டு விடுகிறார்கள் என்பதுதான் பதில். வகுப்பில் ஒரு தேதி இருக்கிறது. அதை விட, படம் போடத் தெரிந்த ஒரு பெண், புரோகிராம் தெரிந்த ஒரு பையன், சத்தம் சேர்க்கத் தெரிந்த இன்னொருவன் ஒரே பெஞ்சில் கிடைக்கிறார்கள். சண்டை போட்டுக் கொண்டு, சமாதானமாகி, ஒன்றாக ஒரு பொருளை முடிக்கப் பழகுகிறார்கள். கட்டணத்துக்கு நியாயமான பலன் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் கூட்டுத்தான்.

வேலை நிலவரம்

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது பெங்களூரின் துருவா கம்பெனி. ராஜேஷ் ராவ் 1997-ல் தொடங்கினார். ஃபோர்ஸா கார் பந்தய விளையாட்டுகளுக்கு இங்கிருந்துதான் கார் உருவங்கள் செய்து போயின. வெளிநாட்டு விளையாட்டுக்குக் கூலிக்குப் பாகம் செய்து கொடுப்பதே இன்றும் நம் நாட்டில் பெருமளவு வேலை. சோற்றுக்கு வழி அதுதான் என்பதால் இளக்காரமாகப் பேச வேண்டியதில்லை.

ஐதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் போன்ற உலகக் கம்பெனியின் கூடம் இருக்கிறது. சொந்தமாகச் செய்தவர்களும் உண்டு. ஏ.ஆர். முருகதாசின் கஜினி 2005-ல் சூர்யா நடித்துத் தமிழில் வந்தது நினைவிருக்கும். அது 2008-ல் ஆமிர்கான் நடித்து இந்திக்குப் போனபோது, கூடவே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டும் வந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாண விளையாட்டு என்று விளம்பரம் செய்யப்பட்ட அதைச் செய்தது ஐதராபாத்தின் எஃப்.எக்ஸ். லேப்ஸ். 2020-ல் மத்திய அரசு நடத்திய செயலிப் போட்டியில் விளையாட்டுப் பிரிவின் பரிசுகளை வாங்கியவர்களில் ஐதராபாத்தின் ஹிட்விக்கெட்டும் இருந்தது. சென்னை நெக்ஸ்ட்வேவ் கம்பெனியின் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்பும் இருந்தது. இரண்டும் கிரிக்கெட். நம் ஜனங்களுக்கு வேறென்ன பிடிக்கும்?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கொரோனாக் காலத்தில் வீங்கிய இந்தத் தொழில் 2023, 2024-ம் ஆண்டுகளில் உலகெங்கும் ஆட்குறைப்பில் இறங்கியது. மைக்ரோசாப்ட் மட்டும் 2024 ஜனவரியில் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. தெலங்கானா அரசு 2017-லேயே ஆன்லைன் ரம்மிக்குத் தடை போட்டு விட்டது. தற்கொலைகளையும் கடன்களையும் பார்த்த பிறகு வந்த தடை. குறை சொல்ல முடியாது. ஆனால் பெற்றோர் பலர் ரம்மியையும் வீடியோ கேமையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். சூதாட்டம் வேறு, இது வேறு. வகுப்பில் சேர்க்கும் முன், பையன் செய்ய ஆசைப்படுவது எது என்று கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

சொந்த விளையாட்டு என்று இறங்குகிறவர்களின் துணிச்சல் சாமானியமல்ல. புனாவின் நாடிங் ஹெட்ஸ் குழு, ராஜஸ்தான் பாணிச் சிற்ப அழகோடும் துர்க்கை கதையோடும் ராஜி என்ற விளையாட்டைச் செய்தது. 2017-ல் பொது மக்களிடம் பணம் திரட்டும் முயற்சி தோற்றது. குழுவில் ஒருவரான ஸ்ருதி கோஷ் தம் சொந்த ஃபிளாட்டை விற்று வேலையைத் தொடர வைத்தார். 2020-ல் ராஜி வெளிவந்து உலகப் பாராட்டுப் பெற்றது. எல்லா ஃபிளாட்டுக்கும் இப்படி ஒரு முடிவு கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இட்லிப் பானையில் பிறந்த பரிசு

தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயரே வெண்பா. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. உருவாக்கியவர் அபி என்று அழைக்கப்படும் தமிழர். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர், பாவலன் தந்தை, கவின் மகன். துப்பாக்கி இல்லை, ஓட்டப் பந்தயம் இல்லை. ஊரிலிருந்து கொண்டு போன அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லிதான்! தட்டுகளை எப்படி அடுக்கினால் சரியாக வேகும் என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். உலகெங்கும் இட்லிப் பானையைக் கண்ணால் காணாதவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். நம் வீட்டுப் பாட்டி அரை நிமிஷத்தில் ஜெயித்திருப்பார்.

ஆனால் அதில் நெஞ்சைத் தொடுவது சமையல் இல்லை. மகன் பள்ளிக்குப் போகிறான், தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், தோழர்கள் முன் அம்மாவின் சாப்பாட்டுக்கு வெட்கப்படுகிறான். வளர்ந்த பிறகு அம்மாவின் தமிழ்க் குறிப்பைத் தட்டுத் தடுமாறிப் படிக்கிறான். மல்லாபூரில் ஆங்கிலத்துக்குப் பதில் தெலுங்கையும் இந்தியையும் போட்டுக் கொண்டால் கதை மாறாது. வீட்டில் "சாப்பிட வாடா" என்றால் "ஒஸ்துன்னா" என்று பதில் வரும் வீடுகள் இங்கே எத்தனையோ. தமிழ் பேசும், படிக்க வராது.

இந்த விளையாட்டுக்கு 2024-ல் அமெரிக்காவின் சுதந்திர விளையாட்டு விழாவில் தலையாய பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்பு என்ற விருதும் வந்தது. வகுப்பில் கேம் கற்கும் பிள்ளைகள் மேனாட்டு மந்திரவாதியையும் ஜப்பானியக் கத்தி வீரனையும் நகல் எடுத்துக் கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்த இட்லிப் பானையை அவர்களுக்கு ஒரு தடவை காட்டலாம் என்று தோன்றுகிறது.

தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டு வருவதும் சாதாரணமாக இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கு அடுத்து எழுத்து நின்றால் போதும். தமிழில் "கொ" என்று எழுத ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். எழுத்துகளைக் கோத்து அமைக்கத் தெரியாத என்ஜினில் கொம்பு இடம் மாறிப் போய் நிற்கும், படிக்கிறவர் திகைப்பார். இதற்காகத் தமிழ் வரிகளைப் படமாக வரைந்து ஒட்டும் வேலையும் நடந்தது. 2023 மார்ச்சில் வந்த கோடோ நான்காம் பதிப்பு இப்படிப்பட்ட எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதியோடு வந்தது. எனவே தமிழில் ஒரு சிறு விளையாட்டைச் செய்ய ஆசைப்படும் மல்லாபூர்ப் பிள்ளைக்கு இப்போது கருவி இருக்கிறது, காசும் வேண்டாம்.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையானால், எந்த இடத்தில் கொம்பு வர வேண்டும் என்று சரி பார்க்க ஆள் வேண்டும். அதற்கு வீட்டில் அம்மா இருக்கிறார்.

இன்னொரு செய்தி. ஆண்டுதோறும் ஜனவரி ஒட்டி குளோபல் கேம் ஜாம் என்ற நிகழ்ச்சி உலகெங்கும் நடக்கிறது, 2009-ல் தொடங்கியது. ஒரு தலைப்பைக் கொடுத்து 48 மணி நேரத்துக்குள் கூட்டாக ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கச் சொல்வது பழைய வழக்கம். பட்டம் கேட்பதில்லை. இந்திய கேம் செய்வோர் மாநாடு 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஐதராபாத்தில் நடந்தது. 2025 நவம்பரில் சென்னைக்குப் போனது. பையனைக் கல்லூரியில் சேர்க்கும் முன் இவற்றில் ஒன்றுக்கு அனுப்பி வைத்தால், இரண்டு நாள் தூக்கம் கெட்டுத் திரும்பி வருவான். அப்போது அவன் கையில் ஓடுகிற ஒன்று இருக்கிறதா என்று அப்பா பார்த்துக் கொள்ளலாம். அதன் பிறகு ஃபீஸ் பேச்சை எடுக்கலாம்.